பறந்தாளா, பறந்ததா? உருமாறும் பதின்பருவத்தினரை வைத்து நாவல் எழுதும் முறை

பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி இரவில் கூகையாக மாறுகிறாள். இந்த ஒரு வரியோடு இளையோர் ஃபேன்டஸி நாவல் எழுத உட்காருபவர்கள் முதல் மூன்று அத்தியாயங்களை ஒரே மூச்சில் எழுதிவிடுவார்கள். நாலாவதில் பேனா நின்றுவிடும். காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: அவள் மாறுவதைப் பற்றி யோசித்த அளவுக்குத் திரும்புவதைப் பற்றி யோசித்திருக்க மாட்டார்கள். எந்த நேரத்தில் திரும்புகிறாள், எங்கே வந்து விழுகிறாள், கூகையின் எதை உடம்பில் ஒட்டிக்கொண்டு வருகிறாள், தன்னுடைய எதைக் கூகையிடம் விட்டுவிட்டு வருகிறாள்? இந்த நான்குக்கும் பதில் இருந்தால் நாலாவது அத்தியாயம் தானாக வரும்.

கூடு விட்டுக் கூடு பாய்ந்த திருமூலர் கதையை நினைத்துப் பாருங்கள். இறந்துபோன இடையன் மூலனின் உடலுக்குள் அவர் புகுந்தது ஒரு வரிச் செய்தி. வேலை முடிந்து வந்து பார்த்தபோது, தன் சொந்த உடலை வைத்த இடத்தில் காணவில்லை என்பதுதான் கதை. உருமாற்றம் வரும் எந்தக் கதைக்கும் உயிர்நிலை அந்த இடத்தில்தான் இருக்கிறது.

எந்த வகை மாற்றம் என்று முதலில் முடிவெடுங்கள்

மாற்றம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தே கதையின் ஓட்டம் அமையும். தோலோ இறகோ போர்த்திக்கொண்டு மாறுபவர்கள் ஒரு வகை. ஸ்காட்லாந்துக் கடற்கரைக் கதைகளில் வரும் செல்கி, கடலில் இருக்கும்போது சீல் என்னும் கடல்நாய். தோலைக் கழற்றிக் கரையில் வைத்தால் மனித உரு. அந்தத் தோலை யாராவது ஒளித்துவைத்தால் திரும்பிப் போக வழியில்லை. ஆகவே இந்த வகையை எடுத்தால் உங்கள் கதை திருட்டு, ஒளிப்பு, மீட்பு என்றே நகரும். பிறவியிலேயே வருவது இன்னொரு வகை. அதில் குடும்ப ரகசியம்தான் கதை: அம்மாவுக்கும் இது இருந்ததா, ஏன் சொல்லவில்லை? சாபமாக வந்தால் விமோசனம் தேடும் கதை. கடியால் தொற்றினால் குற்றவுணர்வும் பயமும். கற்றுக்கொண்டு மாறினால் ஆசான், பயிற்சி, போட்டி. ஜப்பானியக் கதைகளின் கிட்சுனே என்னும் நரி வயது ஏற ஏற ஆற்றல் பெருகி ஒன்பது வால் வரை வளரும். மனித உருவில் இருக்கும்போதும் நாய்கள் அதைக் கண்டுகொள்ளும். இப்படி ‘யார் முன்னால் வேஷம் செல்லாது’ என்ற விதி எந்த வகைக்கும் பயன்படும்.

ஒரு நாவலுக்கு ஒரு வகை போதும். ஒருவனுக்குச் சாபம், இன்னொருத்திக்குப் பிறவி, மூன்றாமவனுக்குக் கடி என்று கலந்தால் வாசகர் பாதிப் புத்தகம் வரை விதிகளைத்தான் படித்துக்கொண்டிருப்பார்.

விதித்தாள்

கதை எழுதும் முன் ஒரே ஒரு பக்கம். அதற்கு மேல் போனால் நீங்களே மறந்துவிடுவீர்கள். இந்தக் கேள்விகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரியில் பதில் எழுதுங்கள்:

- எது தூண்டுகிறது? (விருப்பம், கோபம், நேரம், இடம், பொருள்)
- மாற எத்தனை நொடி? இடையில் தடுக்க முடியுமா?
- மாறிய உருவில் அதிகபட்சம் எவ்வளவு நேரம்? மீறினால் என்ன ஆகும்?
- எடை எங்கே போகிறது?
- உடையும் கையில் இருப்பதும் என்ன ஆகும்?
- காயம் கூடவே வருமா?
- மனம் யாருடையது? முழுதும் மனிதரா, பாதியா, நேரம் ஆக ஆகக் குறைகிறதா?
- பேச முடியுமா? ஒருவரை ஒருவர் எப்படி அடையாளம் காண்பார்கள்?
- திரும்பியதும் உடம்பு என்ன கேட்கும்? (தூக்கம், பசி, குளிர், வலி)
- எது ஒருபோதும் முடியாது?

கடைசிக் கேள்வியே மற்ற எல்லாவற்றையும் விட முக்கியம். மாரீசன் பொன்மானாக மாறினான். சாகும் நேரத்தில் இராமனின் குரலில் கூவினான். உருவம் மட்டுமல்லாமல் குரலும் அவனுக்கு வசப்படும் என்பதால்தான் அங்கே கதை திரும்புகிறது. உங்கள் கதையில் குரல் மாறாது என்று வைத்தால் அதே காட்சி வேறு விதமாக நடக்கும். ‘முடியாது’ என்று எழுதியதைக் கடைசி அத்தியாயம் வரை முடியாததாகவே வைத்திருங்கள்.

எடை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 48 கிலோ பெண் 400 கிராம் கூகை ஆகிறாள். மீதி? இதற்கு மூன்று வழி. ஒன்று, எடை மாறாது என்று வைத்து, ஏறக்குறைய மனித எடையுள்ள விலங்குகளை மட்டும் எடுப்பது: சிறுத்தை, ஓநாய், நடுத்தர மான். இரண்டு, மிச்ச எடை வேறெங்கோ போகிறது. திரும்பும்போது அதைத் திரட்ட வேண்டியிருப்பதால் உடம்பு சோர்ந்து நடுங்குகிறது என்று ஒரு விலை வைப்பது. மூன்று, விலங்கைப் பெரிதாக்குவது. மூன்றாவதில் ஒரு பள்ளம் உண்டு. நீளத்தை இரண்டு மடங்காக்கினால் இறக்கைப் பரப்பு 4 மடங்கும் எடை 8 மடங்கும் ஆகும். உண்மை உலகில் பறக்கும் பறவைகளில் மிகக் கனமானவை 20 கிலோவை எட்டுவதே அரிது. மனித எடையுள்ள கூகை எழும்ப வேண்டுமானால் மாயம் ஒன்று தாங்க வேண்டும். அந்த மாயத்தையும் விதித்தாளில் எழுதுங்கள். எந்த வழியானாலும் கதைக்குள் ஒரே ஒரு முறை, போகிற போக்கில் சொன்னால் போதும். பக்கம் பக்கமாக விளக்கினால் வாசகர் நம்புவதை விட்டுவிட்டுக் கணக்குப் போட ஆரம்பிப்பார்.

உடை பற்றிய விதியும் அப்படியே தவிர்க்க முடியாதது. உங்கள் பாத்திரங்கள் சிறுவர், சிறுமியர். திரும்பும்போது ஆடையில்லாமல் நிற்கும் நிலையை வேடிக்கையாகவோ கிளர்ச்சியாகவோ எழுதக் கூடாது. ஆடையும் சேர்ந்தே மாறும் என்று வைத்துவிடுங்கள். இல்லையென்றால் ஒளித்துவைத்த பை ஒன்று வேண்டும். பை இருந்தால் அதுவே கதைக்கு உதவும்: யாரோ பையை எடுத்துவிட்டார்கள், மழையில் நனைந்துவிட்டது, உள்ளே இருந்த செல்போன் அடித்துக்கொண்டே இருக்கிறது.

விலங்கின் உடம்பைப் படியுங்கள்

இந்த வகை நாவல்களில் அதிகம் சொதப்பும் இடம் இது. எழுதுபவர் மனிதக் கண்ணை விலங்கின் தலையில் பொருத்திவிடுகிறார். நாய் உருவில் ஓடும் பையன் தூரத்தில் சிவப்புத் துப்பட்டாவைப் பார்த்துப் பாய்கிறான் என்று வருகிறது. நாயின் கண்ணுக்குச் சிவப்பு மங்கிய பழுப்பாகத்தான் தெரியும். அதற்குத் தெளிவாகத் தெரிவது நீலமும் மஞ்சளும். துப்பட்டாவை நாய் அறிவது மூக்கால். யார் போட்டிருந்தது, எப்போது இந்த வழியாகப் போனாள், பயந்திருந்தாளா என்பதை மூக்கு சொல்லும்.

எடுக்கும் ஒவ்வொரு விலங்குக்கும் ஒரு பக்கக் குறிப்பு தயார் செய்யுங்கள். அதில் தலைமைப் புலன் எது, எது அறவே இல்லை, உடம்பால் எதைச் செய்ய முடியாது என்ற மூன்றும் இருக்கட்டும். சில எடுத்துக்காட்டுகள்:

பூனைக்கு இனிப்பு தெரியாது. நாக்கில் அந்தச் சுவையுணர்வு இல்லை. மூக்குக்கு மிக அருகில் இருப்பதைக் கண்ணால் சரியாகப் பார்க்கவும் முடியாது, மீசையால்தான் அறியும். பாம்புக்கு இமை கிடையாது. ஆகவே ‘கண்ணை மூடிக்கொண்டான்’ என்று எழுத முடியாது. வெளிக்காதும் இல்லை, தரையின் அதிர்வைத் தாடையால் வாங்கும். குளிர் அடித்தால் உடம்பு மந்தமாகிவிடும் என்பதால், குளிர்ந்த இரவில் பாம்பாக மாறித் தப்பிக்கும் காட்சியை வேறு மாதிரி யோசிக்க வேண்டும். குதிரையால் வாயால் மூச்சுவிட முடியாது. ஏறக்குறைய சுற்றிலும் பார்க்கும். ஆனால் நெற்றிக்கு நேர் முன்னால் இருப்பது தெரியாது. பல வகை வௌவால்களால் சமதரையிலிருந்து எழும்ப முடியாது. தொங்கி, விழுந்து, பிறகுதான் பறக்கும். அப்படியானால் தரையில் கிடக்கும் வௌவால் பையனை யார் தூக்கி மேலே வைப்பார்கள்? அங்கே ஒரு நட்பு பிறக்கும்.

பூனை, நாய், குதிரை எதற்கும் பின்னங்காலில் ‘முழங்கால் பின்பக்கம் மடிந்தது’ என்று எழுதாதீர்கள். பின்னால் மடிவதுபோல் தெரிவது கணுக்கால். முழங்கால் மேலே, வயிற்றை ஒட்டி இருக்கிறது. பறவைக்கும் அப்படித்தான். இறக்கை என்பது கைதான்: மேற்கை எலும்பு, முன்கையின் இரண்டு எலும்புகள், குறுகி ஒட்டிய விரல்கள். நுனியில் இருக்கும் நீண்ட இறகுகள் விரல் பகுதியிலிருந்து கிளம்புகின்றன. இறகும் நம் நகமும் கெரட்டின் என்று பொதுவாக அழைக்கப்படும் கடினப் புரதங்களால் ஆனவை. இது தெரிந்தால் காயம் பற்றிய விதி தானாகக் கிடைக்கும். நுனி இறகு ஒன்று பிடுங்கப்பட்டால், காலையில் அவளுடைய ஒரு விரலில் நகம் இல்லை.

இனி கூகையையே அருகில் வைத்துப் பார்ப்போம். கூகையாக மாறும் பெண்ணுக்குக் கயல் என்று பெயர் வைத்துக்கொள்வோம். கூகையின் ஒரு காது மற்றதைவிட உயரத்தில் இருக்கிறது. ஒலி இரண்டு காதுக்கும் வந்து சேரும் நுண்ணிய வித்தியாசத்தை வைத்தே முழு இருட்டில் எலி எங்கே என்று துல்லியமாக அறியும். கண்கள் குழிக்குள் அசையாமல் பதிந்தவை. பக்கத்தில் பார்க்க வேண்டுமானால் தலையையே திருப்ப வேண்டும். அதற்காகக் கழுத்தில் 14 எலும்புகள். நமக்கு 7. இறகின் முன்விளிம்பு சீப்புப் பல் போல் இருப்பதால் சத்தமில்லாமல் பறக்கும். இரையை முழுதாக விழுங்கி, மயிரையும் எலும்பையும் உருண்டையாகக் கக்கும்.

இவை எல்லாவற்றையும் பறக்கும் காட்சியில் கொட்டாதீர்கள். பாதியைத் திரும்பிய பிறகு வையுங்கள். காலையில் அம்மா பக்கத்திலிருந்து கூப்பிடுகிறாள். கயல் கண்ணைத் திருப்பாமல் கழுத்தை முழுதாகத் திருப்புகிறாள், கொஞ்சம் அதிகமாகவே. புத்தகத்தை முகத்துக்கு அருகில் கொண்டுவந்தால் எழுத்து மங்குகிறது. கூகைக்கு மிக அருகில் இருப்பது சரியாகத் தெரியாது. அடுத்த அறையில் கிசுகிசுப்பது கேட்கிறது, அவளைப் பற்றித்தான். தொண்டையில் ஏதோ உருண்டையாக நிற்கிறது. அது என்ன என்று அவளுக்குத் தெரியும், யாரிடமும் சொல்ல முடியாது. பதின்பருவத்தில் தன் உடம்பே தனக்குப் புரியாமல் போவதைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுத வேண்டியதில்லை. தொண்டையில் நிற்கும் உருண்டை போதும்.

வினைமுற்று: தமிழில் எழுதுபவருக்குக் கிடைத்திருக்கும் கருவி

வேறு பல மொழிகளில் எழுதுபவருக்கு இல்லாத வசதி ஒன்று நமக்கு உண்டு. ‘பறந்தாள்’ என்று எழுதினால் பறந்தது பெண். ‘பறந்தது’ என்று எழுதினால் அஃறிணை. தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம் தொடங்குவதே இந்தப் பிரிவில்தான்: மக்கள் உயர்திணை, மற்றவை அஃறிணை. உருமாறும் பெண் எந்தத் திணை? உங்கள் நாவலின் ஒவ்வொரு வாக்கியமும் இதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். முடிவெடுக்காமல் எழுதினால் ஒரே பத்தியில் ‘கயல் கிளையில் அமர்ந்தாள். அது தலையைத் திருப்பியது. அவள் பார்த்தாள்’ என்று குழம்பும். வாசகர் இரண்டு பேர் இருக்கிறார்களோ என்று தேடுவார்.

செய்ய வேண்டியது இது. உரு மாறினாலும் மனம் கயலுடையதாக இருக்கும்வரை ‘-ஆள்’. மனம் நழுவ நழுவ ‘-அது’ எட்டிப் பார்க்கட்டும், முதலில் உடல் உறுப்புகளுக்கு, பிறகு செயல்களுக்கு. முழுதாகத் தொலைந்தால் பத்தி முழுக்க ‘அது’. திரும்பும் காட்சியில் வேறு எந்த வர்ணனையும் தேவையில்லை. பதினைந்து வாக்கியம் ‘அது’ என்று போன பிறகு ‘கண் திறந்தாள்’ என்ற இரண்டே சொல் வந்தால் வாசகரின் மூச்சு இறங்கும்.

மாற்றம் நடக்கும் நொடிக்கு எச்சங்கள் கைகொடுக்கும். பெயரெச்சத்துக்கும் வினையெச்சத்துக்கும் திணை, பால் விகுதி கிடையாது. ‘நீண்டு’, ‘சாய்ந்து’, ‘கழன்று’ எல்லாம் யாருக்கும் பொதுவானவை. வாக்கியத்தை எச்சங்களாலேயே நகர்த்தி, கடைசி முற்றில் மட்டும் திணையை வெளிப்படுத்தலாம்:

‘சுவருக்குப் பின்னால் எதையோ ஒன்று கொறித்தது. எந்தச் செங்கல்லுக்குப் பின்னால் என்றுகூடக் கயலுக்குத் தெரிந்தது. அண்ணா என்று கூப்பிட வாயெடுத்தாள். நாக்கு கடினமாக எதிலோ இடித்தது. ஜன்னல் கம்பியைப் பிடிக்க நீட்டிய கை கம்பியில் நிற்காமல், மெலிந்து, அகன்று, காற்றை அள்ளி, தரை விலகி, எடை கழன்று, இரண்டு கம்பிகளுக்கு நடுவே சாய்ந்து நுழைந்து, வெளியே பறந்தது.’

முதல் பாதியில் வாயெடுத்தாள்; கடைசியில் பறந்தது. எது பறந்தது என்று அந்த வாக்கியம் சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை.

பார்ப்பவரின் திணையும் உண்டு. நிலை தெரியாத அண்ணன் ‘ஜன்னல்ல ஏதோ உட்கார்ந்திருக்கு’ என்பான். விஷயம் தெரிந்த தோழி அதே பறவையைப் பார்த்து ‘வந்துட்டாளா!’ என்பாள். பாசத்தினால் பசுவை ‘என் அம்மை வந்தாள்’ என்று சொல்வதை இலக்கணமே திணை வழுவமைதி என்று ஏற்றுக்கொள்கிறது. ஆகவே தெரியாதவர்கூட அன்பினால் ‘வந்தாள்’ என்று சொல்லிவிடலாம். கயல் திடுக்கிட்டு, இவருக்குத் தெரிந்துவிட்டதோ என்று நினைக்கலாம். இப்படி ஒரு தவறான புரிதலில் முழு அத்தியாயமே கிடைக்கும்.

இதையெல்லாம் பயன்படுத்த வேண்டுமானால் படர்க்கையில் எழுதுங்கள். தன்மையில் ‘பறந்தேன்’ என்றாலே திணை மறைந்துவிடும். அதில் வேறு நெருக்கம் கிடைக்கும்; ஆனால் மனம் தொலையும் கதைக்குத் தன்மை ஒத்துவராது. தன்னையே தொலைத்தவள் ‘நான்’ என்று எப்படிச் சொல்வாள்?

மாறும் காட்சியை எழுதும்போது

முதல் மாற்றத்துக்கு 150 முதல் 250 சொற்கள் கொடுக்கலாம். இரண்டாவதற்கு அதில் பாதி. அதுவும் வேறு இடத்தில், வேறு அவசரத்தில். மூன்றாவது முதல் ஒரு வாக்கியம். ஒவ்வொரு முறையும் எலும்பு முறிவதும் தோல் கிழிவதும் வந்தால் வாசகர் தாண்டிப் போய்விடுவார்.

வரிசையை இப்படி வையுங்கள்: முதலில் ஒரு சிறிய புலன் பிசகு, அடுத்து ஓர் இழப்பு (குரல் அல்லது கை), கடைசியில்தான் வரவு. இறக்கையை முதலில் கொடுத்துவிட்டால் இழப்புக்கு வலி இருக்காது. கண்ணாடி முன்னால் நிறுத்தி மாற்றாதீர்கள். கண்ணாடியில் தெரிவது வெளியுரு மட்டும், அதுவும் பலர் எழுதிப் பழசாக்கிய வழி. ‘போல’ என்ற சொல்லை எண்ணிப் பாருங்கள். 200 சொல்லில் இரண்டுக்கு மேல் இருந்தால், மாற்றம் நடக்கவில்லை, உவமைதான் நடக்கிறது.

பிள்ளைகளும் பெரியவர்களும்

உருமாற்றத்தை எடுத்துவிட்டுப் பார்த்தாலும் அந்தப் பிள்ளைக்கு ஒரு சிக்கல் மிஞ்ச வேண்டும். பிரிந்து வாழும் பெற்றோர், விட்டுப்போன சிநேகிதி, தம்பியின் நோய், திக்கும் பேச்சு, எதுவும் இருக்கலாம். மாற்றம் அந்தச் சிக்கலைத் தீர்க்கக் கூடாது, கூர்மையாக்க வேண்டும். திக்கிப் பேசும் பையனுக்குப் பேசவே தேவையில்லாத உடம்பு கிடைத்தால், அவன் ஏன் திரும்ப வேண்டும்? அங்கே நாவல் தொடங்குகிறது.

கூட்டம் என்றால் நால்வர் அல்லது ஐவர். ஒவ்வொருவருக்கும் ஒரு விலங்கைப் பங்கிட்டுக் கொடுப்பதைவிட, திரும்பி வருவதைப் பற்றி ஆளுக்கொரு நிலைப்பாட்டைக் கொடுங்கள். ஒருத்தி எப்போதும் சரியான நேரத்துக்குத் திரும்புவாள். ஒருவன் ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடம் தாமதிப்பான். ஒருத்திக்கு மாறவே பிடிக்காது. ஒருவனுக்கு மாற வரவில்லை. மற்றவர்களின் பையைக் காவல் காக்கிறான். கடைசியில் சொன்னவன்தான் பல நேரம் கதையின் இதயமாகிவிடுவான். அவனைச் சும்மா விட்டுவிடாதீர்கள். எதிரிப் பாத்திரத்துக்கும் இதே கோடு பொருந்தும். துப்பாக்கி வேட்டைக்காரனையும் ஆய்வுக்கூடத்து விஞ்ஞானியையும்விட, திரும்ப மறுத்து வெகுகாலம் அந்தப் பக்கமே தங்கிவிட்ட ஒருவர் அதிகம் அச்சுறுத்துவார். அவர் சொல்வதில் பாதி உண்மையாகவும் இருக்கட்டும்.

பெரியவர்களிடம் ஏன் சொல்லவில்லை என்பதற்கு உறுதியான காரணம் வேண்டும். ‘நம்ப மாட்டார்கள்’ என்பது போதாது. கண் முன்னால் மாறிக் காட்டினால் நம்பித்தானே ஆக வேண்டும்? ‘நம்பிவிடுவார்கள், அதன் பிறகு என்னைத் தனியாக எங்கும் விட மாட்டார்கள்’ என்பது பதினைந்து வயதின் காரணம்.

உரையாடலைப் பேச்சுத் தமிழில் விடுங்கள். எடுத்துரைப்பு எழுத்துத் தமிழில் இருக்கட்டும். ‘எங்கடி போன ராத்திரி?’ ‘எங்கயும் போகலண்ணா.’ ‘அப்ப கால்ல ஏன் சேறு?’ இவ்வளவு போதும். ‘உருமாற்றம்’ என்ற சொல்லைப் பிள்ளைகள் வாயில் வைக்காதீர்கள். அவர்களுக்குள் ஒரு குறுஞ்சொல் உருவாகும்: ‘போறது’, ‘வர்றது’. விலங்கு உருவில் மனதோடு பேசிக்கொள்வார்கள் என்று வைத்தால், அதைச் சாய்வெழுத்தில் காட்ட வேண்டாம். தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில் முறையான சாய்வு வடிவம் இல்லை, படிக்கக் கஷ்டம். மேற்கோள் இல்லாமல் ஒரு கோடு போட்டுத் தொடங்கினால் போதும்.

நீளம், அத்தியாயம், நிலா

தமிழில் 45,000 முதல் 60,000 சொற்கள் இந்த வகைக்குச் சரியாக இருக்கும். விகுதியும் வேற்றுமையும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால், ஆங்கில நாவலின் சொல் கணக்கை இங்கே அப்படியே வைக்க முடியாது. 1,500 முதல் 2,000 சொல் வீதம் சுமார் 30 அத்தியாயம். முதல் மாற்றம் மூன்றாவது அத்தியாயத்தைத் தாண்டக் கூடாது. விதிகளை யாரும் உட்கார்ந்து விளக்க வேண்டாம். ஒவ்வொரு விதியையும் யாராவது ஒருவர் மீறித் தெரிந்துகொள்ளட்டும். நடுப்பகுதியில், அவர்கள் உறுதியாக நம்பிய ஒரு விதி தவறு என்று தெரியட்டும். கடைசிக் கால்பகுதியில் புதிய சக்தி எதுவும் முளைக்கக் கூடாது. உச்சக் காட்சியில் காப்பாற்றும் விஷயம் முதல் பத்து அத்தியாயத்துக்குள் சாதாரணமாக வந்துபோயிருக்க வேண்டும்.

தனியாக ஒரு கணக்கேடு வைத்துக்கொள்ளுங்கள். அத்தியாயம், தேதி, யார், என்ன உரு, எத்தனை நிமிடம், திரும்பியபோது என்ன ஒட்டியிருந்தது, எந்தக் காயம் இன்னும் ஆறவில்லை. இது இல்லாமல் எழுதினால், 12ஆம் அத்தியாயத்தில் நகம் இழந்த விரல் 14ஆம் அத்தியாயத்தில் கிட்டார் வாசிக்கும்.

மாற்றத்தை நிலாவோடு கட்டினால் அந்த ஏட்டில் இன்னொரு பத்தி வேண்டும். பௌர்ணமிக்குப் பௌர்ணமி சராசரி 29 அரை நாள். மூன்று மாதக் கதையில் அதிகபட்சம் 4 பௌர்ணமிதான் வரும், ஆகவே பெரிய மாற்றங்களும் 4தான். முழுநிலா சூரியன் மறையும் வேளையில் கிழக்கே எழும், நள்ளிரவில் உச்சியில் நிற்கும், விடியலில் மறையும். அதன் பிறகு நாளொன்றுக்குச் சராசரி 50 நிமிடம் தாமதமாக எழும். மெல்லிய வளர்பிறை மாலையில் மேற்கே தெரிந்து சீக்கிரம் இறங்கிவிடும். மெல்லிய தேய்பிறை விடியலுக்கு முன் கிழக்கே வரும். நள்ளிரவு வானத்தில் பிறைக்கீற்றைத் தொங்கவிட்டால், வானம் பார்க்கும் ஒரு பன்னிரண்டு வயது வாசகர் அங்கேயே புத்தகத்தை மூடிவிடுவார்.

திருத்தும்போது

மூன்று முறை தனித்தனியாகப் படியுங்கள். ஒரே வாசிப்பில் எல்லாவற்றையும் பிடிக்க முடியாது. முதல் முறை விதித்தாளைப் பக்கத்தில் வைத்து, மீறல்களை மட்டும். இரண்டாம் முறை வினைமுற்றுகளை மட்டும்: மாறிய உருவில் வரும் ஒவ்வொரு ‘-ஆள்’, ‘-ஆன்’, ‘-அது’வையும் வட்டமிட்டு, அந்த நொடியில் மனம் யாருடையது என்று கேளுங்கள். இந்த வாசிப்புக்கு நேரம் பிடிக்கும், ஆனால் கதையின் பாதிக் குழப்பம் இதில் தீரும். மூன்றாம் முறை உடம்பை மட்டும்: பாம்பு இமைக்கிறதா, குதிரை வாயால் மூச்சு வாங்குகிறதா, கூகை கண்ணை உருட்டுகிறதா?

அதன் பிறகு 13 முதல் 16 வயதுக்குள் இருக்கும் இரண்டு மூன்று பேரிடம் கொடுங்கள். பிடித்திருந்ததா என்று கேட்காதீர்கள்; பிடித்தது என்றுதான் சொல்வார்கள். எந்தப் பக்கத்தில் செல்போனை எடுத்தார்கள், எந்த இடத்தில் திருப்பிப் படிக்க வேண்டியிருந்தது, யாரை நம்பவில்லை என்று கேளுங்கள். மூவரும் ஒரே பக்கத்தைச் சொன்னால் அந்தப் பக்கத்தை வெட்டுங்கள். மூவரும் மூன்று பக்கம் சொன்னால் அப்படியே விடலாம்.

கடைசி வாக்கியத்தைக் கடைசி வரை எழுதாமல் வைத்திருப்பது நல்லது. கயல் திரும்பி வந்துவிட்டாள் என்றால் அது ‘-ஆள்’ என்று முடியும். வரவில்லை என்றால் ‘-அது’. இரண்டுக்கும் நடுவே நிறுத்த வேண்டுமானால் முற்றே இல்லாத வாக்கியம் ஒன்று இருக்கிறது: ‘ஜன்னல் கம்பியில், விடியும் வெளிச்சத்துக்கு முகத்தைத் திருப்பி அமர்ந்திருந்த கயல்.’ மூன்றையும் எழுதிப் பார்த்து, முப்பது அத்தியாயமும் எதற்கு ஆயத்தம் செய்திருக்கிறதோ அதை வையுங்கள்.